பெட்டி விற்றால் 20 ஆண்டுச் சிறையா?

“எல்லா அலைவரிசையும் வரும். ஒரு தடவை பணம் கட்டினால் போதும், மாதக் கட்டணமே இல்லை.”

இந்த விளம்பரம் கண்ணில் படாத மலேசியத் தமிழர் குறைவு. புலனக் குழுவில் வரும், முகநூலில் வரும், தாமான் விளக்குக் கம்பத்தில் ஒட்டிய தாளிலும் இருக்கும். உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. தொலைக்காட்சியில் செருகி வீட்டு வைஃபையோடு இணைத்தால் தமிழ்ப் படம், தொடர் நாடகம், கிரிக்கெட், இங்கிலாந்துக் காற்பந்து என்று வரிசையாக ஓடும்.

நான் கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். வழக்கறிஞர் இல்லை. ஆனால் 16 ஆண்டுகளாக வழக்குக் கோப்புகளோடு இருப்பதால், கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, “இந்தப் பெட்டி வீட்ல இருந்தா பிடிப்பாங்களா?” என்று கேட்காமல் விடமாட்டார்.

அந்தக் கேள்வி முக்கியம்தான். அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதில்லை. அந்தப் பெட்டியை விற்கும் பையனுக்கும், வீடு வீடாகப் போய்ப் பொருத்திக் கொடுக்கும் தம்பிக்கும் என்ன ஆகும்? சட்டத்தின் கனமான கை விழுவது அவர்கள் தலையில்தான். அவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள்.

“பெட்டிதானே வித்தான்?”

சென்ற ஆண்டு ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். மகனுக்கு 24 வயது. பகலில் பொருள் விநியோக வேலை. சம்பளம் போதவில்லை என்று பகுதி நேரமாகப் பெட்டி விற்றிருக்கிறான். சரக்கு வேறொருவருடையது. ஒரு பெட்டிக்கு இவனுக்குக் கிடைத்தது 50 ரிங்கிட். பழைய பெட்டியில் செயலியைப் புதுப்பித்துக் கொடுத்தால் 20 ரிங்கிட். ஒரு நாள் அமலாக்க அதிகாரிகள் வந்து, வீட்டில் இருந்த பெட்டிகளையும் அவனுடைய கைப்பேசியையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

“யார் வீட்லயும் பூந்து திருடலையேம்மா. பெட்டிதானே வித்தான்?” என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

விசாரணையில் இருக்கும் விஷயம் என்பதால் அதற்கு மேல் எழுதக்கூடாது. ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்குச் சட்டம் ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

திருட்டு எப்படி நடக்கிறது?

ஆஸ்ட்ரோ 1996-ல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது சிக்னல் விண்கோளிலிருந்து வந்தது. பூட்டிய நிலையில் வரும் படத்தைத் திறக்கும் சாவி, வீட்டுப் பெட்டிக்குள் செருகும் அட்டையில் இருந்தது. அந்தக் காலத்துத் திருட்டு என்றால் அந்த அட்டையைப் போலியாகச் செய்வது, அல்லது ஓர் அட்டையின் சாவியை இணையம் வழியாகப் பல பெட்டிகளுக்குப் பகிர்வது. சிங்கப்பூரில் கேபிள் தொலைக்காட்சி இருந்ததால் அங்கே கம்பியைக் கள்ளத்தனமாக இழுப்பதும் போலிப் பெட்டி வைப்பதும் பேச்சாக இருந்தது.

இன்றைய முறை இன்னும் எளிது. எங்கோ ஒருவர் முறையான சந்தா வாங்குகிறார். அவருடைய பெட்டியிலிருந்து வெளிவரும் படத்தைப் பிடித்து, மறுபடி இணையத்துக்கு ஏற்ற வடிவில் மாற்றி, வெளிநாட்டில் உள்ள ஒரு சர்வருக்கு அனுப்புகிறார். அந்தச் சர்வரின் முகவரியை அறிந்த செயலி கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தினால் அங்கிருந்து படம் வருகிறது. காப்புரிமைக்காரருக்கு ஒரு காசும் போவதில்லை. நீங்கள் கட்டும் பணம் சர்வர் நடத்துபவருக்கும், நடுவில் உள்ள முகவர்களுக்கும் போகிறது.

வெறும் ஆண்ட்ராய்டு பெட்டி சட்டவிரோதமானது அல்ல. அதில் யூடியூப் பார்க்கலாம், சந்தா கட்டிய செயலிகளைப் பார்க்கலாம். அதற்குள் ஏற்றப்படும் செயலிதான் அதைக் குற்றக் கருவியாக்குகிறது. முன்பெல்லாம் விற்பவர்கள் இந்த இடைவெளியில்தான் ஒளிந்துகொண்டார்கள். “நான் காலிப் பெட்டிதான் விற்றேன், செயலி அவரே போட்டுக்கொண்டார்” என்பார்கள்.

2022-ல் வந்த மாற்றம்

அந்த இடைவெளியை மூடத்தான் 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் 2022 மார்ச் 18-ல் அமலுக்கு வந்தது. அதில் புதிதாகச் சேர்ந்த 43ஏஏ பிரிவைத்தான் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது பேசுவது ‘ஸ்ட்ரீமிங் தொழில்நுட்பம்’ பற்றி. காப்புரிமை மீறலில் போய் முடியும் எந்தக் கருவியும், அதன் பாகமும், கணினி நிரலும் அதில் அடங்கும். நிரல் என்றால் செயலியும் சேர்த்துத்தான். ஆகவே பெட்டியே இல்லாமல், வாடிக்கையாளரின் சொந்தத் தொலைக்காட்சியில் செயலியை மட்டும் ஏற்றிக் கொடுத்தேன் என்பது தப்பிக்கும் வழி அல்ல.

எந்தச் செயல்கள் குற்றம்? விற்பனைக்காகத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, வாடகைக்கு விடுவது, விற்பனைக்கு வைப்பது, விளம்பரம் செய்வது, வியாபாரத்துக்காக வைத்திருப்பது, விநியோகிப்பது, இதற்கான சேவையைப் பொதுமக்களுக்குத் தருவது. காப்புரிமை மீறலுக்குத் துணைபோவதையும் இந்தப் பிரிவு மீறலோடு சேர்த்தே சொல்கிறது.

இந்தப் பட்டியலை அந்தப் பையனின் வேலையோடு வைத்துப் பாருங்கள். புலனத்தில் படம் போட்டது விளம்பரம். கட்டிலுக்கு அடியில் பெட்டி அடுக்கியது வியாபாரத்துக்காக வைத்திருப்பது. 20 ரிங்கிட்டுக்குச் செயலியைப் புதுப்பித்தது சேவை. இதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. எல்லாம் அவனுடைய கைப்பேசியிலேயே இருக்கும்: குரல் பதிவு, விலைப் பட்டியல், வங்கிப் பணமாற்றம்.

தண்டனை: அபராதம் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது, 2 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். அல்லது 20 ஆண்டு வரை சிறை. அல்லது இரண்டும்.

20 ஆண்டு என்பது உச்சவரம்பு. ஒவ்வொருவருக்கும் அதுவே விதிக்கப்படும் என்று பொருள் அல்ல. எத்தனை பெட்டி, எவ்வளவு காலம், முன்பு தண்டனை உண்டா என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். என்னைத் திடுக்கிட வைத்தது உச்சவரம்பு அல்ல, கீழ்வரம்பு. அபராதம் விதித்தால் 10,000 ரிங்கிட்டுக்குக் கீழே இறங்க முடியாது. ஒரு பெட்டிக்கு 50 ரிங்கிட் என்றால், 200 பெட்டி விற்ற வருமானம் மொத்தமும் குறைந்தபட்ச அபராதத்துக்கே சரியாகிவிடும். அந்தப் பையன் 40 பெட்டிகூட விற்கவில்லை.

நிறுவனம் பெயரில் விற்றால் தப்பலாமா? அதுவும் முடியாது. நிறுவனம் குற்றம் செய்தால் அதன் இயக்குநர், நிர்வாகி, செயலாளர் போன்றோர் மீதும் குற்றம் சாட்டலாம். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றும், தடுக்க வேண்டிய முயற்சியைச் செய்ததாகவும் நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. ‘பெயருக்கு ஒரு பங்குதாரராக இரு’ என்று நண்பர் கேட்டால் கையெழுத்துப் போடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அபராதம் கட்டியதோடும் முடிவதில்லை. குற்றத்தீர்ப்பு பதிவாகிறது. சிங்கப்பூரில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில், எந்த நாட்டிலாவது நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. பல நாட்டு விசா படிவங்களிலும் இருக்கிறது. 24 வயதில் விழுந்த முத்திரையை 40 வயதிலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

வீட்டில் பார்ப்பவர்?

43ஏஏ பிரிவின் குறி விற்பவரும் சேவை தருபவரும். இதுவரை அதிகாரிகளின் சோதனைகளும் பெரும்பாலும் விற்பனையாளர், இறக்குமதியாளர், வணிக இடங்கள் பக்கமே போயிருக்கின்றன. அதற்காகப் பார்ப்பவருக்குச் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 232-ஆம் பிரிவு, உரிமம் பெற்ற நிறுவனத்தின் சேவையைக் கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கத்தோடு நேர்மையற்ற முறையில் பெறுவதைக் குற்றமாக்குகிறது. சட்டம் இயற்றப்பட்டபோதே அதற்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த திருத்தம் அந்தச் சட்டத்தின் பல பிரிவுகளில் தண்டனையை உயர்த்தியிருக்கிறது. ஆகவே கல்யாண வீட்டுக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: “உங்களைத் தேடி வர வாய்ப்பு குறைவு. வந்தால் ‘தெரியாது’ என்று சொல்ல வாய்ப்பு அதைவிடக் குறைவு.”

உணவகம் நடத்துபவர்களுக்கு

இந்தப் பகுதியை வாழை இலை உணவகமும் மதுபானக் கடையும் நடத்தும் நம்மவர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். வீட்டுச் சந்தா வீட்டுக்கு மட்டும். அந்தப் பெட்டியைக் கழற்றிக் கடையில் மாட்டி, வாடிக்கையாளருக்குக் காற்பந்து காட்டினால் நீங்கள் மாதா மாதம் பணம் கட்டியிருந்தாலும் அது பொது இடத்தில் உரிமமின்றிக் காட்டுவதாகும். கடைகளுக்குத் தனி வணிகச் சந்தா உண்டு. அது விலை கூடியதுதான். ஆனால் அது இல்லாமல் ஒளிபரப்பிய உணவகங்கள் மீது ஆஸ்ட்ரோ நீதிமன்றம் போயிருக்கிறது.

கறுப்புப் பெட்டியைக் கடையில் மாட்டினால் இரட்டைச் சிக்கல். வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்க அதிகாரிக்குக் காரணம் வேண்டும். கடைக்குள் யாரும் ஒரு தே தாரேக் கேட்டு உட்காரலாம். அந்த வாடிக்கையாளர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம்

சிங்கப்பூரில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம்மில் ஏராளம். “அங்கே இந்தப் பெட்டி கிடைக்கலயாம், ரெண்டு வாங்கி வாப்பா” என்று கேட்பதும் உண்டு. அங்கே கிடைக்காமல் போனதற்குக் காரணம் இருக்கிறது.

2018-ல் சிங்டெல், ஸ்டார்ஹப், பிரிமியர் லீக் உள்ளிட்டவை சேர்ந்து பெட்டி விற்ற இரண்டு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தன. 2019-ல் அவற்றில் ஒரு நிறுவனத்தின் இயக்குநருக்கு 12 வாரச் சிறை. நிறுவனத்துக்கு 1 லட்சத்து 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் அபராதம். 2018-லேயே உயர்நீதிமன்றம், இத்தகைய செயலிகள் பயன்படுத்திய இணைய முகவரிகளை முடக்கவும் உத்தரவிட்டது.

பிறகு 2021 நவம்பரில் புதிய காப்புரிமைச் சட்டம் வந்தது. பெட்டி விற்கும் தனிமனிதருக்கு 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனமானால் அபராதம் 2 லட்சம் வரை. 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேரில் போலிஸ் சோதனை நடத்தி, 17 பேரைக் கைது செய்து, 2,500-க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்தது. ஆகவே இங்கிருந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே விற்க நினைப்பவர் இரண்டு நாட்டுச் சட்டத்திலும் கால் வைக்கிறார்.

பெட்டிக்குள் வரும் வேண்டாத விருந்தாளி

சட்டத்துக்குப் பயப்படாதவர்களும் இதைக் கேட்டால் யோசிப்பார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்று பெயரிடப்பட்ட தீய நிரல், விலை மலிவான ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் முதலான வீட்டுக் கருவிகளில் பரவியிருக்கிறது. சிலவற்றில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கிறது. சிலவற்றில் செயலி ஏற்றும்போது நுழைகிறது.

அது உங்கள் படத்தை நிறுத்தாது, சத்தம் போடாது. உங்கள் வீட்டு இணைய இணைப்பைக் குற்றவாளிகளுக்கு வாசலாகத் திறந்து விடுகிறது. அவர்கள் எங்கோ இருந்து செய்யும் மோசடி உங்கள் வீட்டு முகவரியிலிருந்து செய்தது போலத் தெரியும். அதே வைஃபையில்தான் உங்கள் வங்கிச் செயலியும் பிள்ளைகளின் மடிக்கணினியும் இருக்கின்றன.

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகளையும் எஃப்பிஐ சொல்லியிருக்கிறது. ‘கூகுள் பிளே புரொடெக்ட்’ பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் கருவி, பெயர் தெரியாத செயலிக் கடை, எல்லாம் இலவசம் என்று விற்கப்படும் பெட்டி. நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்கலாம். தொடர்புக் கருவிகளுக்கு இங்கே சான்றளிப்பு முத்திரை வேண்டும். வாங்கும் பெட்டியில் சிரிம் முத்திரை இல்லையென்றால் அதை அப்படியே கடையில் வைத்துவிடுவது நல்லது.

‘வாழ்நாள் சந்தா’ யாருடைய வாழ்நாள்?

சர்வர் முடக்கப்பட்டால் பெட்டி இருண்டுவிடும். விற்றவரின் எண் வேலை செய்யாது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, சட்டத்துக்குப் புறம்பான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது. திருட்டு ஒளிபரப்புக்குக் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கித் தரும்படி எந்த வாசலில் போய் நிற்பது? சந்தா ‘வாழ்நாள்’ என்பது சர்வரின் வாழ்நாள். உங்களுடையது அல்ல.

கட்டணம் கூடுதல்தான், ஆனால்…

“மாசம் நூறு, நூற்றைம்பதுன்னு கட்ட முடியலங்க” என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாடகை, பள்ளிப் பேருந்து, மளிகை எல்லாம் ஏறிவிட்ட காலம். ஆனால் சந்தா வேண்டாம் என்பதற்கும் திருட்டுப் பெட்டி வேண்டும் என்பதற்கும் நடுவே வேறு வழிகள் இருக்கின்றன.

ஆர்டிஎம் கிளிக் செயலி இலவசம். டிவி2-இன் தமிழ்ச் செய்தியும் நிகழ்ச்சிகளும் அதில் பார்க்கலாம். மைஃப்ரீவியூ பெட்டியோ, அதற்கேற்ற தொலைக்காட்சியோ இருந்தால் உள்ளூர் அலைவரிசைகளுக்கு மாதக் கட்டணம் இல்லை. ஆஸ்ட்ரோவின் என்ஜோய் சேவையிலும் மாதச் சந்தா கட்டாயமில்லை. காற்பந்துக்காக மட்டும் என்றால் சூகா போன்ற இணையச் சேவைகளில் வேண்டிய மாதத்துக்கு மட்டும் பணம் கட்டி நிறுத்திக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு வசந்தம் நிகழ்ச்சிகள் மீவாட்ச்சில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ்நாட்டுத் தொடர்களை நாம் பார்க்காவிட்டாலும் அவை ஓடும். நம் ஊர் நடிகர், நம் ஊர் எழுத்தாளர், நம் ஊர் ஒளிப்பதிவாளர் சேர்ந்து எடுக்கும் உள்ளூர்த் தமிழ் நாடகத்துக்கு இந்த நாட்டின் சந்தாவும் விளம்பரமும்தான் முதல். அது வற்றினால் முதலில் நிற்பது சிறிய மொழியின் நிகழ்ச்சிதான்.

இப்போது என்ன செய்யலாம்?

வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் முதலில் வைஃபையிலிருந்து துண்டியுங்கள். பிறகு வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்தப் பெட்டியில் மின்னஞ்சல் கணக்கோ வங்கி அட்டை எண்ணோ கொடுத்திருந்தால் அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றி, வங்கிக் கணக்கைக் கவனித்து வாருங்கள். வேண்டாத பெட்டியை இணையத்தில் போட்டு வேறொருவருக்கு விற்க நினைக்காதீர்கள். வாங்கியவராக இருந்த நீங்கள் அந்த நிமிடமே விற்றவராகிவிடுவீர்கள்.

கடை வைத்திருப்பவர்கள் தங்கள் சந்தா வீட்டுக்குரியதா வணிகத்துக்குரியதா என்று ரசீதை எடுத்துப் பாருங்கள். விற்பனை பற்றிப் புகார் செய்ய விரும்புவோர் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணை அழைக்கலாம்.

பகுதி நேர வருமானம் தேடும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. ‘முகவராகச் சேரு, முதலே வேண்டாம்’ என்று யாராவது அழைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஒளிபரப்புக்கு உரிமம் யாரிடம் வாங்கியிருக்கிறீர்கள்? ரசீது நிறுவனப் பெயரில் தருவீர்களா? அதிகாரிகள் வந்தால் வழக்கறிஞர் செலவு யாருடையது? சர்வர் நடத்துபவர் வெளிநாட்டில் இருப்பார். சரக்கு தருபவர் எண்ணை மாற்றிவிடுவார். வாடிக்கையாளரின் கைப்பேசியில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் வங்கிக் கணக்கும்தான். 50 ரிங்கிட்டுக்கு அந்த இடத்தில் போய் நிற்கலாமா என்று வீட்டில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.